புட்டுக்குழலுக்கு ஒரு புது வேலை

நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு புட்டுக்குழல் தொங்குகிறது. அதில் பல் துலக்குகிற இரண்டு பிரஷ்கள் நிற்கின்றன. பானை அடியில் ஓட்டை விழுந்து இரண்டு வருடமாகிறது. குழல் மட்டும் நல்ல அலுமினியம், ஒரு நெளிவுகூட இல்லை. பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் போட மனசு வரவில்லை. அந்தக் குழலைச் சுவரில் மாட்டிய கதையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். கூடவே, சமையலறையில் வேலை முடிந்த சாமான்களில் எது குளியலறைக்கு ஆகும், எது ஆகாது என்பதையும் சொல்கிறேன்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், பீலிக்கு, அதாவது தண்ணீர் விழுகிற பொதுக் குழாயடிக்குக் குளிக்கப் போகிற யாரும் கையை வீசிக்கொண்டு போவதில்லை. சவர்க்காரம், பிரஷ், துவாய், மாற்றுத்துணி எல்லாம் வாளிக்குள் போகும், எல்லாம் வாளிக்குள்ளேயே திரும்பி வரும். பீலியில் எதையும் விட்டுவிட்டு வர முடியாது. வீடு என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, ஒரே அறை. அதற்குள் ஈரச் சவர்க்காரத்துக்கு எங்கே இடம் ஒதுக்குவது? இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு மூலை, ஜன்னல் கட்டை, அடுப்பங்கரை ஓரம் என்று எங்காவது கிடக்கும். குளியலுக்கென்று ஒரு சாமான் ஓரிடத்தில் நிரந்தரமாக இருப்பதை நாங்கள் பார்த்ததே இல்லை.

தனி வீடுகள் வரத் தொடங்கிய பிறகு இது மாறியது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டப் பகுதிகளுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கினார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. எங்களுக்கும் ஒரு தனி வீடு அமைந்தது. குடிபோன அன்றைக்குக் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன். நான்கு சுவர், ஒரு பைப்பு, அவ்வளவுதான். சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. சாமான் வைக்கிற ராக்கை வாங்கலாம் என்று கடையில் விலை கேட்டேன். அந்த மாதம் அது முடிகிற காரியமாக இல்லை.

சரி, கையில் இருப்பதை வைத்துச் செய்வோம் என்று முதலில் எடுத்தது பால்மா டின். அதைக் கழுவி, பூப்போட்ட தாள் ஒட்டி, பார்க்க அழகாகத்தான் செய்தேன். அது ஜூன் மாதம். நம் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற இடங்கள் உண்டு. மே மாதம் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. அந்த நாட்களில் கொடியில் போட்ட துவாயே மூன்று நாளைக்குக் காயாது, டின் எப்படிக் காயும்? மூன்றாவது வாரம் தூக்கிப் பார்த்தால் அடியில் துரு. சீமெந்துக் கட்டின்மேல் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் விளங்கியது. டின் என்று நாம் சொல்வது உள்ளே இரும்புத் தகடு, மேலே வெள்ளீயத்தின் மெல்லிய பூச்சு. பூச்சு முழுதாக இருக்கும்வரை காப்பாற்றும். ஓர் ஆணி ஓட்டை போட்டாலோ, விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலோ, அந்த இடத்தில் இரும்பு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய வாளி அப்படியில்லை. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். அதனால்தான் பழைய வாளிகள் அத்தனை வருடம் உழைத்தன. இனாமல் கோப்பையும் டின் மாதிரிதான், விளிம்பில் ஒரு சில்லு தெறித்துவிட்டால் அங்கிருந்தே துரு கிளம்பும்.

டின்னைத் தூக்கிக் கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஈரத்தில் வாழப் பழகிய சாமான்கள் எல்லாம் அங்கே வரிசையாகத் தொங்குகின்றன. வடிதட்டு, இடியப்பத் தட்டு, தேத்தண்ணி வடி, புட்டுக்குழலுக்குள் போடுகிற ஓட்டைச் சில்லு. தண்ணீரையும் ஆவியையும் தங்கவிடாமல் வழிவிடுவதுதான் அவற்றின் வேலை. குளியலறைக்கு வேண்டியதும் அதேதான். தண்ணீர் பிடித்து வைக்கிற பாத்திரம் அங்கே வேண்டாம், வடியவிடுகிற பாத்திரம்தான் வேண்டும்.

இனி புட்டுக்குழலுக்கு வருகிறேன். பிரஷை அப்படியே போட்டால் குழலின் ஆழத்துக்கு முழுதாக உள்ளே போய்விடும், விரலை விட்டுத் துழாவ வேண்டும். அதனால் சில்லை அடியில் விடாமல் நடுவுக்கு ஏற்ற வேண்டும். குழலுக்குள் ஓர் உருண்டை விறகுக்கட்டையை இறுக்கமாக நுழைத்துக்கொள்ளுங்கள். கட்டை இல்லாமல் அடித்தால் குழல் நசுங்கும். பாதி உயரத்தில் எதிரும் புதிருமாக நான்கு இடத்தில் ஆணியை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அலுமினியம் மெதுவானது, இரண்டு தட்டில் இறங்கிவிடும். வாய்ப் பக்கம் ஓர் அங்குலம் கீழே இன்னும் இரண்டு ஓட்டை, மாட்டுவதற்கு. ஓட்டையின் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். நடு ஓட்டைகளில் இரண்டு கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து, அதன்மேல் சில்லைப் போட்டால் வேலை முடிந்தது. பிரஷின் தலை வெளியே காற்றில் நிற்கும், தண்ணீர் சில்லு வழியாகக் கீழே போய்விடும்.

கம்பி விஷயத்தில் கவனம் தேவை. பிளாஸ்டிக் உறை போட்ட மின்சார ஒயர் நல்லது. வெறும் செம்புக் கம்பி வேண்டவே வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். கழிவறை கழுவுகிற திரவமும் அலுமினியத்தைத் தின்னும், அதைத் தள்ளி வையுங்கள். குழலில் இரண்டு பிரஷுக்கு மேல் போடாதீர்கள். கூட்டமாகப் போட்டால் தலையோடு தலை உரசும், அது சுத்தமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா முதல்முறை பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, நாளைக்குப் புட்டு அவிக்கணும்னா என்னா செய்வ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. குளியலறைக்குப் போன சாமான் மறுபடி அடுப்பங்கரைக்கு வரக்கூடாது. ஓட்டை விழுந்தது, கைபிடி போனது, ஜோடி தொலைந்தது, இப்படி உண்மையிலேயே வேலை முடிந்ததை மட்டும் எடுங்கள்.

சவர்க்காரத்துக்குச் சிரட்டையைப் போல ஒன்றை நான் பார்க்கவில்லை. தேங்காயை உடைத்தால் வருகிற இரண்டு பாதியில் கண் உள்ள பாதியை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெதுவானது, முளை வருகிற கண் அது. கம்பியால் குத்தினால் திறந்துகொள்ளும், வடிகால் தானாகவே அமைந்துவிடும். வெளியே உள்ள தும்பை கத்தியால் சுரண்டி, மண்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். உள்ளே தேங்காய்ப்பூ ஒரு துளியும் ஒட்டியிருக்கக் கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். விளிம்பில் மூன்று ஓட்டை போட்டு ஒயரில் தொங்கவிட்டால், சவர்க்காரம் கரைந்து கூழாகாமல் கெட்டியாக இருக்கும்.

இடியப்பத் தட்டு மூன்று இருந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி அடுக்கு ராக்கை செய்யலாம். பிளாஸ்டிக் தட்டுத்தான் இதற்கு ஆகும். பிரம்புத் தட்டு அழகு, ஆனால் நம் பனியில் ஒரு மாதத்தில் கறுத்துவிடும். வளைந்த எவர்சில்வர் கரண்டிகள் துவாய் மாட்டும் கொக்கியாகும். ஓட்டை போட மட்டும் ட்ரில் உள்ளவரிடம் கொடுங்கள்.

கண்ணாடிப் போத்தல் வேண்டாம். வெறுங்காலோடு, சவர்க்காரத் தண்ணீரில், பிள்ளைகள் நடமாடுகிற இடம் அது.

இன்னும் லயத்தில் இருப்பவர்கள் தகரம் அடித்த மறைப்பில் குளிப்பவர்களாக இருக்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி பிடிக்காது, காரையோடு பெயர்ந்து வரும். அங்கே சுவரை விட்டுவிடுங்கள். மேலே குறுக்குச் சட்டத்தில் ஒரு பலகைத் துண்டைக் கட்டி, எல்லாவற்றையும் அதிலிருந்து தொங்கவிடுங்கள். பாரமும் மரத்துக்குப் போகும், காற்றும் சுற்றிவரும்.

டின்னை ஒரேயடியாகக் குறை சொன்னேன் என்று நினைக்காதீர்கள். மூடி உள்ள பிஸ்கட் டின்னுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளை இருந்தால் அவளுடைய மாதவிடாய் பேட் பாக்கெட்டுகளை அதில் போட்டு, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வைத்துக் கொடுங்கள். ஓட்டை போடாதீர்கள், கீறாதீர்கள். ஈரம் படாது, யாரிடமும் கேட்டு வாங்கவும் வேண்டாம். பீலிக்கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. வெளியே வர்ணம் பூசுவதென்றால் முதலில் துரு தடுக்கும் பூச்சு, பிறகு வர்ணம். அதையும் பெப்ரவரி, மார்ச்சில் வெயில் காயும்போது செய்துவிடுங்கள், மழைக்காலத்தில் பூசினால் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், டெங்கு. 2017-ல் இந்த நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும், முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நீங்கள் மாட்டுகிற ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுதாக வடியாவிட்டால் இன்னும் ஓர் ஓட்டை போடுங்கள். வாரத்துக்கு ஒருதரம் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுங்கள், அடைத்துக்கொண்ட சவர்க்காரக் கசடு போகும்.

எங்கள் அம்மாவுக்குத்தான் இது பழகக் கொஞ்ச நாள் எடுத்தது. நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு வந்து பீலியில் குளித்தவர். புது வீட்டிலும் குளித்து முடித்ததும் சவர்க்காரத்தை வாளிக்குள் போட்டு அடுப்பங்கரைக்கு எடுத்து வந்துவிடுவார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரட்டை சுவரில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயந்தரம் அம்மா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார், கையில் வாளி இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சிரட்டையில் சவர்க்காரம் இருந்தது, கண் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வணக்கம்.