காரில் இருக்கும் நேவிகேஷன் நாம் நினைக்கும் வழியில் போக என்ன செய்யலாம்?

[திரையில்: நிறுத்திய கார். டேஷ்போர்டு ஸ்க்ரீனில் வரைபடம்.]

வணக்கம். குரோம்பேட்டையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிளம்புகிறோம். காரோடு வந்த நேவிகேஷனில் 'பாண்டிச்சேரி' என்று போட்டாயிற்று. நீலக் கோடு எங்கே போகிறது, பாருங்கள். நேராக ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது சென்னையிலிருந்து திண்டிவனம் பக்கம் போகும் பெரிய நெடுஞ்சாலை. செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், அங்கே இடது பக்கம் திரும்பினால் பாண்டிச்சேரி.

நல்ல ரோடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு அம்மா கூட வருகிறார். அவருக்கு ஈ.சி.ஆர்., அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை வேண்டும். முட்டுக்காடு தண்ணீரையும் மரக்காணம் உப்பளத்தையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதனால் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆரில் ஏறி, கடலோரமாகவே போகப் போகிறோம். காரிடம் இதை எப்படிச் சொல்வது?

பலரும் செய்வது என்னவென்றால், வண்டியை எடுத்து நம் இஷ்டத்துக்குத் திருப்பிவிடுவது. நேவிகேஷன் அடுத்த பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு 'யூ-டர்ன் எடுங்கள், யூ-டர்ன் எடுங்கள்' என்று சொல்லிக்கொண்டே வரும். கடைசியில் சத்தத்தை அணைத்துவிடுவோம். அப்புறம் உண்மையிலேயே திரும்ப வேண்டிய இடத்தில் அது சொல்வதும் காதில் விழாது. இந்தச் சிரமமே வேண்டாம்.

[திரையில்: புள்ளிகளும் கோடுகளும். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண்.]

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நமக்கு 'ஈ.சி.ஆர்.' என்றால் ஒரு முழு வழி. காருக்கு அப்படி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை சந்திப்புகளும், ஒரு சந்திப்பிலிருந்து அடுத்ததற்குப் போக ஆகும் செலவும்தான். செலவு என்றால் இங்கே பெரும்பாலும் நேரம். எந்தக் கோடுகளைச் சேர்த்தால் மொத்தச் செலவு குறைவு என்று கூட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் நகருக்குக் குறுகிய வழி எது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில் இதை யோசித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1959-இல் அச்சில் வந்த அந்த யோசனையின் வழி வந்த முறைகள்தான் இன்றைக்கும் நம் டேஷ்போர்டுக்குள் ஓடுகின்றன.

சரி, அதற்கு ஏன் ஜி.எஸ்.டி. மேல் அவ்வளவு பிரியம்? வரைபடம் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு தரம் கொடுத்திருப்பார்கள்: பெரிய நெடுஞ்சாலை, நடுத்தரச் சாலை, தெரு என்று. தரத்துக்கு ஏற்ற வேகமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அகலமான நெடுஞ்சாலைக்கு வேகம் அதிகம், ஆகவே செலவு குறைவு. தூரப் பயணம் என்றால் பெரிய சாலையைப் பிடித்துக்கொண்டு போவதே கணக்குக்கு லாபம். அம்மாவுக்குக் கடல் பிடிக்கும் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

[திரையில்: செட்டிங்ஸ் பக்கம்.]

உடனே செட்டிங்ஸுக்குப் போகத் தோன்றும். 'வேகமான வழி', 'குறுகிய வழி', 'டோல் வேண்டாம்', 'நெடுஞ்சாலை வேண்டாம்' என்றெல்லாம் இருக்கும். நம் காரியத்துக்கு இவை உதவாது. டோலைத் தவிர்க்கச் சொன்னால் ஜி.எஸ்.டி.யில் இருக்கும் பரனூர், ஆத்தூர் டோல்கேட்டுகள் விலகும், சரி; ஆனால் ஈ.சி.ஆரில் உத்தண்டியிலும் டோல்கேட் இருக்கிறதே! இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஊர்களுக்குள் புகுந்து புகுந்து போகும் ஒரு வழியை அது தேடிக்கொண்டுவரும். நெடுஞ்சாலையைத் தவிர்க்கச் சொன்னாலும் அதே கதைதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆரும் இப்போது தேசிய நெடுஞ்சாலை. செட்டிங்ஸ் ஒரு வகைச் சாலையை மொத்தமாக ஒதுக்கும். இந்தச் சாலை வேண்டும், அந்தச் சாலை வேண்டாம் என்று நாம் கேட்பது அதற்குப் புரியாது.

நமக்கு உதவுவது வழியில் ஒரு ஸ்டாப். சில கார்களில் 'வே பாயின்ட்' என்று இருக்கும், சிலவற்றில் 'வியா'. சேரும் இடத்தை மாற்றாமல், 'இங்கே தொட்டுவிட்டுப் போ' என்று சொல்வது. காருக்கு இடம்தான் புரியும் என்றால், நாமும் இடமாகவே சொல்லிவிடலாம்.

எந்த இடம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

[திரையில்: 'மாமல்லபுரம்' என்று தட்டச்சு. நீலக் கோடு ஊருக்குள் வளைகிறது.]

மாமல்லபுரம் என்று போட்டுப் பார்க்கிறேன். ஈ.சி.ஆருக்கு வந்துவிட்டது. ஆனால் ஊர்ப் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். ஈ.சி.ஆர். ஊருக்கு வெளியே ஒதுங்கிப் போகிறது. நம் கோடு மட்டும் அதை விட்டிறங்கி, ஊருக்குள் போய், திரும்பி வருகிறது. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் கார் ஊரின் நடுப்பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். விடுமுறை நாளில் அந்தத் தெருக்களில் மாட்டினால் எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மரக்காணம்? இதில் இன்னொரு சிக்கல்.

[திரையில்: கோடு ஜி.எஸ்.டி. வழியாகத் திண்டிவனம் போய், மரக்காணத்துக்குத் திரும்புகிறது.]

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு ஒரு சாலை உண்டு. கார் தனக்குப் பிடித்த ஜி.எஸ்.டி.யிலேயே திண்டிவனம் வரை போய்விட்டு, அங்கிருந்து மரக்காணத்தைத் தொட்டுவிட்டு, பாண்டிச்சேரிக்குப் போகிறது. நாம் கேட்டதை அது செய்துவிட்டது. நாம் கேட்டதுதான் சரியில்லை.

ஆகவே ஊர் வேண்டாம். இரண்டு வழிகளும் பிரிந்த பிறகு, நம் சாலையின் மேலேயே, பக்கத்தில் வேறு தெரு இல்லாத ஓர் இடம் வேண்டும். நான் எப்போதும் பாலத்தைத்தான் தேடுவேன். பாலத்தின் மேல் 'பின்', அதாவது வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் புள்ளி, வைத்தால் அது சந்துக்குள்ளோ கடை வாசலிலோ போய் விழ வழியில்லை.

[திரையில்: முட்டுக்காடு பாலம். விரல் வரைபடத்தைப் பெரிதாக்குகிறது.]

முட்டுக்காடு பாலம். பெயரைத் தட்டச்சு செய்யாமல், வரைபடத்தை நகர்த்திக்கொண்டு போய், பாலம் தெளிவாகத் தெரியும் வரை பெரிதாக்குகிறேன். இப்போது கவனியுங்கள். போகவும் வரவும் தனித்தனி வழித்தடம் இருக்கிற சாலை இது. பாண்டிச்சேரிப் பக்கம் போகும் நமக்கு இடது பக்கம், அதாவது கடல் பக்கத்துத் தடம். பின் எதிர்த்தடத்தில் விழுந்துவிட்டால், கார் நம்மைப் பாலத்தைத் தாண்டிப் போகச் சொல்லி, யூ-டர்ன் அடித்துத் திரும்பி வரச் சொல்லி, மறுபடி யூ-டர்ன் அடிக்கச் சொல்லும். இரண்டு விரலால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, கடல் பக்கத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். 'ஸ்டாப்பாகச் சேர்' வருகிறதா? அதைத் தொடுங்கள்.

இன்னும் ஒன்று வேண்டும். கல்பாக்கத்தைத் தாண்டி ஈ.சி.ஆர். பாலாற்றைக் கடக்கும் பாலம். அங்கேயும் இதேபோல இடது தடத்தில் ஒரு பின். அது ஒன்றே போதாதா என்றால், போதாது. செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி.யில் போய், திருக்கழுக்குன்றம் வழியாகவும் கல்பாக்கத்துக்கு வந்துவிடலாம். முட்டுக்காடு முதலில், பாலாறு அடுத்து. வரிசை மாறினால் கார் போய்த் திரும்பி வரச் சொல்லும், அதனால் பட்டியலில் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பின்னும் தவறுவதற்கு இன்னொரு வாய்ப்பு.

தவறினால் என்ன ஆகும்? நாவலூரில் ஒரு வேலை வந்து, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையிலேயே மாமல்லபுரம் வரை போய்விட்டீர்கள் என்று வையுங்கள். முட்டுக்காட்டை நீங்கள் தொடவில்லை. கார் அதை மறக்காது. திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓரமாக நிறுத்தி, அந்த ஸ்டாப்பை மட்டும் நீக்கிவிடுங்கள். மொத்த ரூட்டையும் ரத்து செய்தால் பாலாறும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

[திரையில்: ட்ராஃபிக் செட்டிங்.]

நேரடி ட்ராஃபிக் பார்க்கும் கார் என்றால் இன்னொன்றையும் மாற்றிவிடுங்கள். நெரிசல் கண்டால் தானாகவே வழியை மாற்றும் வசதி இருக்கும். அதை 'என்னைக் கேட்டு மாற்று' என்று வைத்தால் நம் வழி நம்மிடமே இருக்கும்.

போனில் கோட்டை இழுத்து அழகாக வழி அமைத்து, காருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் காருக்குப் போய்ச் சேருவது முகவரி மட்டும். கார் தன் வரைபடத்தை வைத்துத் தானே மறுபடி கணக்குப் போடும், மறுபடி ஜி.எஸ்.டி.தான் வரும். கோடு வந்ததா, ஊர் மட்டும் வந்ததா என்று ஸ்க்ரீனில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போனையே கார் ஸ்க்ரீனில் ஓட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே போன்றவற்றில் கணக்குப் போடுவது போன்தான், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் வண்டி நிற்கும்போதே செய்யுங்கள். ஓடும்போது பல கார்களில் தட்டச்சுப் பலகை திறக்காது, திறந்தாலும் தொடாதீர்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

[திரையில்: 'வழியைச் சேமி'.]

சரி பார்த்தாகிவிட்டது, கோடு கடலோரமாகவே போகிறது. இதைச் சேமித்துவிடலாம். ஆனால் திரும்பி வரும்போது இதையே தலைகீழாக ஓட்டச் சொல்லாதீர்கள். நம் இரண்டு பின்களும் போகும் தடத்தில் இருக்கின்றன. வரும்போது அவை எதிர்ப்பக்கம். வருவதற்குத் தனியாக, பாலாறு முதலில், முட்டுக்காடு அடுத்து, இரண்டையும் கடலுக்கு எதிர்ப்புறத் தடத்தில் வைத்து இன்னொரு வழி அமையுங்கள். ஒன்றுக்கு 'பாண்டி போக', மற்றதற்கு 'பாண்டி வர' என்று பெயர் வைத்திருக்கிறேன்.