மணக்கடவில் ஓர் எண் இருக்கிறது

நடுவர் ஐயா அவர்களுக்கும், இவ்வளவு நேரம் எங்கள் அணியைக் கிழித்துத் தோரணம் கட்டிய எதிரணியினருக்கும், பொங்கல் விழா என்று தமிழ்நாடு-கேரள எல்லையான வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கொழிஞ்சாம்பாறை வந்து இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கார்பனைக் குறைக்கிறோம் என்று கம்பெனிகள் தரும் உறுதிமொழி அறமா, விளம்பரமா? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது 'அறமே'. வீட்டில் சொன்னேன். "ஐயோ பாவம், போய்த் தோற்றுவிட்டு வா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்றார்கள்.

எதிரணி அண்ணன் பேசியதை நான் ஒரு தாளில் குறித்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2020 ஜனவரியில் ஒரு வாக்குக் கொடுத்தது: 2030-க்குள் நாங்கள் வெளியிடுவதைவிட அதிகக் கார்பனைக் காற்றிலிருந்து எடுத்துவிடுவோம், 1975-ல் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து விட்டதையெல்லாம் 2050-க்குள் திரும்ப எடுப்போம். அப்புறம் என்ன நடந்தது? 2024-ல் வந்த அறிக்கைப்படி, வெளியிடும் கார்பன் 2020-ஐவிட 29.1 சதவீதம் கூடியிருக்கிறது. குறைக்கிறேன் என்றவன் கூட்டிவிட்டான், இதுவா அறம் என்று அண்ணன் மேசையைத் தட்டினார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் கொஞ்சம் தட்டினேன்.

அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த 29.1 உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? துப்பறிந்தா கண்டுபிடித்தீர்கள்? அந்தக் கம்பெனியே எழுதி, அச்சடித்து, தன் பெயரில் வெளியிட்டது. ஏன் வெளியிட்டது? வாக்குக் கொடுத்துத் தொலைத்ததால்! வாக்கு இல்லையென்றால் வருடாவருடம் இந்தக் கணக்கை அவர்கள் ஏன் ஊர் முன்னால் வைக்கப் போகிறார்கள்? நீங்கள் எங்களை அடிக்க எடுத்த தடி எங்கள் வீட்டு மரத்தில் வெட்டியது, அண்ணா.

நான் வாக்குக் கொடுத்தவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அவன் யோக்கியனா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவன் கொடுத்த வாக்குக்காகத்தான் பேசுகிறேன். இது கம்பெனி எழுதிக் கொடுத்த புரோநோட்டு. கையெழுத்துப் போடும்போது மனசில் என்ன நினைத்தான் என்று கடன் கொடுத்த யாரும் பார்ப்பதில்லை. தேதி இருக்கிறதா, தொகை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

இந்தப் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில் இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவே பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. ஆழியாற்றிலிருந்து நம் சித்தூர்ப் புழைக்கு, அதாவது சித்தூர் ஆற்றுக்கு, வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். ஜூலை முதல் தேதி கணக்கு தொடங்கும், அடுத்த ஜூன் 30-ல் முடியும். எல்லையிலிருக்கும் மணக்கடவில் அளப்பார்கள். தண்ணீர் குறைகிற வருடம் என்ன நடக்கும்? சண்டை. கூட்டம், மனு, ரோட்டு மறியல். எதிரணி பாஷையில் சொன்னால், "பார்த்தீர்களா, ஒப்பந்தமே ஏமாற்று!" ஆனால் நம் தென்னைக்கும் நெல்லுக்கும் அந்த 7.25-ஐ விட்டால் வேறு என்ன பிடி இருக்கிறது? எண் இருப்பதால்தான் இத்தனை வந்தது, இத்தனை வரவில்லை என்று சொல்ல முடிகிறது. எண் இல்லாவிட்டால் "கொஞ்சம் பார்த்து விடுங்கள்" என்று கும்பிட வேண்டியதுதான். (மலையாளத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். இங்கே வெள்ளம் வரவில்லை என்றும் அழுவோம், வெள்ளம் வந்துவிட்டது என்றும் அழுவோம். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது.)

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் எல்லை தாண்டி ஒரு ஸ்பின்னிங் மில்லில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் நூலை வாங்கும் பனியன் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர். அவர் எங்கோ உட்கார்ந்து கார்பனைக் குறைப்பேன் என்று உறுதிமொழி கொடுத்துவிட்டார். அது அங்கிருந்து உருண்டு உருண்டு என் மேசைக்கு ஒரு படிவமாக வந்து விழுந்தது. ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், கரண்ட் எத்தனை யூனிட், பஞ்சு லாரி எத்தனை கிலோமீட்டர்.

இந்தக் கணக்கில் மூன்று வரம்புகள் உண்டு. உங்கள் எல்லைக்குள்ளேயே எரிவது முதல் வரம்பு. வாங்குகிற கரண்டுக்காக வேறெங்கோ எரிவது இரண்டாவது. உங்கள் பொருளுக்காக மற்றவர்கள் எரிப்பது, விற்ற பிறகு எரிவது எல்லாம் மூன்றாவது. எங்கள் மில்லுக்கு முதல் வரம்பு எதுவோ, அது அந்த வெளிநாட்டுக்காரருக்கு மூன்றாவது. மைக்ரோசாஃப்டும் சறுக்கியது இங்கேதான். முதல் இரண்டு வரம்பில் 6.3 சதவீதம் குறைத்தார்கள். மூன்றாவதில் 30.9 சதவீதம் ஏறிவிட்டது. டேட்டா சென்டர் கட்டும் சிமென்ட்டும் இரும்பும் உள்ளே வைக்கும் சில்லும் அதில்தான் வரும்.

படிவத்தை நிரப்ப ஜெனரேட்டர் ரூம் நோட்டை எடுத்தேன். லிட்டர் எழுத வேண்டிய இடத்தில் "அரை டேங்க்". அடுத்த நாள் "அதேபோல்". எங்கள் ஆபரேட்டர் அண்ணன் பதினெட்டு வருடமாக அப்படித்தான் எழுதுகிறார். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று நான் சொன்னதும் சிரித்தார். "ஒரு லிட்டரே ஒரு கிலோ தேறாதே அம்மணி, 2.7 கிலோ எங்கிருந்து வரும்?" எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது, அந்த எடைதான் என்றேன். கொஞ்ச நேரம் டேங்க்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாளிலிருந்து அளவுகோல் விட்டு எழுத ஆரம்பித்தார்.

அடுத்தது கரண்ட். யூனிட் ஏன் இவ்வளவு என்று தேடியபோது கம்ப்ரசர் மேல் சந்தேகம் வந்தது. ஆயுத பூஜைக்கு மில் நிறுத்திய ராத்திரி, மெஷின் சத்தம் அடங்கியதும், காற்றுக் குழாய் முழுக்க 'உஸ்ஸ்' என்று ஒரே சத்தம். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினோம். தடவிய இடமெல்லாம் குமிழி! இத்தனை வருடம் காசு கொடுத்துக் கரண்ட் வாங்கிக் காற்றைக் காற்றுக்கே ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த வெளிநாட்டுக்காரர் விளம்பரத்துக்காகத்தான் வாக்குக் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குமிழிக்கு அது தெரியுமா?

அடுத்து பிளாச்சிமடா. இங்கிருந்து கூப்பிடு தூரம், அதனால் எதிரணித் தம்பி அதைச் சொல்லாமல் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் 2000-ல் கோககோலா ஆலை வந்தது. 2002-ல் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீர் போச்சு என்று ஆலை கேட்டில் உட்கார்ந்தார்கள். 2004-ல் உற்பத்தி நின்றது. 2007-ல் அந்தக் கம்பெனி எடுத்த தண்ணீரை இயற்கைக்கே திருப்பித் தருவோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. தம்பி கேட்டார்: "வேறு ஊரில் குளம் வெட்டினால் பிளாச்சிமடா கிணறு ஊறுமா?"

ஊறாது. அந்த இடத்தில் தம்பிக்கு முழு மார்க். ஆனால் தம்பி தண்ணீர்க் கணக்கை அப்படியே கார்பனுக்கும் போட்டுவிட்டார். தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு. காற்று உலகத்துக்கே ஒன்றுதான். இங்கே ஒரு டன் விட்டு பிரேசிலில் நிஜமாகவே ஒரு டன்னைத் தடுத்தால் வானத்துக்குக் கணக்கு சரி. திருட்டு அந்த 'நிஜமாகவே' என்ற வார்த்தைக்குள் இருக்கிறது. யாரும் வெட்டப் போகாத காட்டைக் காட்டி, வெட்டாமல் காப்பாற்றினோம், இத்தனை டன் கார்பனைத் தடுத்தோம் என்று கம்பெனிகளுக்குக் கார்பன் சீட்டு விற்பது. வெர்ரா அமைப்பு சான்று கொடுத்த மழைக்காட்டுச் சீட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காகிதமாக இருக்கலாம் என்று 2023 ஜனவரியில் கார்டியன் பத்திரிகை எழுதியது. வெர்ரா மறுத்தது. வாக்கு என்று ஒன்று இருந்ததால்தானே அந்தச் சீட்டை யாரோ விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்!

பிளாச்சிமடா எனக்குச் சொல்லித்தருவது வேறு பாடம். அந்த ஆலையால் வந்த சேதம் 216 கோடி ரூபாய் என்று கேரள அரசு அமைத்த குழு 2010-ல் கணக்கிட்டது. 2011-ல் சட்டசபை, இழப்பீடு வாங்கித் தரும் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. உறுதிமொழி எதற்கு, சட்டம் போதும் என்கிற எதிரணி இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரும்வரை கையில் என்ன வைத்திருப்பது என்றுதான் கேட்கிறேன்.

வாக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் என்ன செய்தார்கள்? கே.எல்.எம். விமானக் கம்பெனி பசுமையாகப் பறக்கிறோம் என்று விளம்பரம் போட்டது. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அந்த விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்தின என்று தீர்ப்பு சொன்னது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் பற்றி எதிர்கால வாக்குக் கொடுக்கிறவன், அதை எப்படிச் செய்யப் போகிறேன் என்ற தெளிவான திட்டத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

பி.பி. எண்ணெய்க் கம்பெனி வாக்கையே திரும்ப வாங்கிக்கொண்டதே என்று கேட்டார்கள். உண்மை. எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030-க்குள் 40 சதவீதம் குறைப்போம் என்றது 2020-ல். 2023-ல் அது 25 ஆனது. 2025 பிப்ரவரியில் கூட்டவே போகிறோம் என்று சொல்லிவிட்டது. வெட்கக்கேடுதான், நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் பொதுக்கூட்டத்தில், தலைவரை மறுபடி தேர்ந்தெடுக்கும்போது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஓட்டு எதிராக விழுந்தது. எங்களைக் கேட்காமல் திட்டத்தை எப்படி மாற்றினீர்கள் என்று சில பங்குதாரர்கள் ஏற்கனவே சண்டைக்கு நின்றார்கள். வாக்கே கொடுக்காத எண்ணெய்க் கம்பெனியிடம் போய் யார் இப்படிக் கேட்பது?

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். 2050 என்று ஒரே ஒரு தேதி, நடுவில் எந்த வருடத்துக்கும் எண் இல்லை, மூன்றாவது வரம்பு பற்றி மூச்சே இல்லை என்றால் அது வாக்கு இல்லை. "ஆடி போகட்டும் தருகிறேன்" என்பவன் எந்த வருடத்து ஆடி என்று சொல்லமாட்டான் பாருங்கள், அந்தக் கதை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா பெருமாட்டிக்காரர், வீட்டில் தென்னந்தோப்பு உண்டு. அக்கா, ஒரு நிமிடம் அந்த 7.25-ஐ அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பங்குனியில் மணக்கடவில் போய் நின்று எவ்வளவு தண்ணீர் கேட்பீர்கள்? அதை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள்.