உப்புக்காற்றும் ஓவியக் கண்காட்சியும்

வணக்கம் நேயர்களே.

கவின்கலைக் கல்லூரியிலோ வடிவமைப்புக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளையின் படம் கண்காட்சிக்குத் தேர்வானால், நம் ராமநாதபுரம் பக்கம் ஃபிளெக்ஸ் வைத்துக் கொண்டாடுகிறோம். நல்லதுதான். ஃபிளெக்ஸ் செலவில் பாதியை பிரேமுக்கும் பொதிவதற்கும் ஒதுக்கினால் இன்னும் நல்லது. கீழக்கரையிலோ மண்டபத்திலோ ஆறு மாதம் வீட்டில் கிடந்த படம், சென்னைக்குப் போய்ப் பிரிக்கும்போது பல நேரம் வரைந்தபடி இருப்பதில்லை.

காரணம் காற்று. நமக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவான தென்கடல், வடக்கே பாக் விரிகுடாவான வடகடல். கச்சான் என்னும் மேல்காற்று அடித்தாலும் வாடை என்னும் வடகாற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அடுப்படியில் உப்புச் சாடி நீர்விட்டுக் கிடக்கும் நாளில், பிரேமின் பின்னால் இருக்கும் இரும்பு ஆணியும் அதே வேதனையில்தான் இருக்கிறது. துரு வடிந்து காகிதத்தில் இறங்கினால் அந்தக் கறை போகவே போகாது. ஆகவே ஆணி, திருகு, கொக்கி எல்லாம் பித்தளை அல்லது எவர்சில்வர். தொங்கவிட நைலான் கயிறு.

நீர்வண்ணம், பேனா, அச்சுப்படம் போன்ற காகித வேலைகளில் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. விடியற்காலைக் குளிரில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். தொட்ட இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டையை இரண்டு அடுக்காக வைத்து 3 மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். நான்கு ஓரமும் ஒட்டித் தருவதுதான் கடைகளில் வழக்கம். அதை வேண்டாம் என்று கறாராகச் சொல்ல வேண்டும். காகிதம் ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நான்கு பக்கமும் பிடித்துவைத்தால் அலை அலையாக எழும்பும். மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய காகிதத் துண்டால் ஒட்டினால் போதும், படம் தொங்கிக்கொள்ளும்.

பசைக்கு கோதுமை ஸ்டார்ச் (கோதுமையிலிருந்து பிரித்த மாவுச்சத்து) ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. சற்று நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்துவிடும். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசை மட்டும் ஆகாது. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். துத்தத்தில் இருக்கும் செம்பு காகிதத்தை நாளடைவில் அரித்துப் பழுப்பாக்கும். செலோடேப்பும் செய்தித்தாளும் பிரேமுக்குள் நுழையவே கூடாது.

மாட்டும் சுவரையும் பாருங்கள். ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்தில் இப்பகுதியை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்து ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே தீட்டப்பட்டவை. அப்படிப்பட்ட சுவரில் ஈரம் ஏறி உலரும்போதெல்லாம் உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சையே வெளியே தள்ளும். நம் படம் சுவரோடு ஒட்டிப் பிறந்ததில்லையே! பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் இடையில் காற்று ஓடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் பார்ப்பவர் கழுத்துக்கு வலி இல்லை.

கேன்வாஸில் அக்ரிலிக் என்றால் ஆபத்து வழிப்பயணத்தில். வெயிலில் அக்ரிலிக் இளகும். குமிழ் உறையை நேராகச் சுற்றினால் வண்ணத்தின் மேல் வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் பேக்கரியில் தட்டில் விரிக்கும் சிலிக்கான் தாள், அதன் மேல் அட்டை, பிறகுதான் குமிழ் உறை, குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. பேருந்தானாலும் ரயிலானாலும் படம் நிமிர்ந்தே போகட்டும்.

பனையோலை வேலைக்கு ஒன்றே ஒன்று: ஈரம் முழுக்கப் போகாமல் வார்னிஷ் அடிக்காதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் கறுப்புப் புள்ளியாக வெளியே வரும். நிழலில் உலர்த்தி, தினம் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகு வார்னிஷ்.

விண்ணப்பத்துக்கான ஒளிப்படத்தை கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். காலை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், கேமரா படத்துக்கு நேர் எதிரே. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்ய உதவும். கடைசியில் அதை வெட்டிவிடலாம்.

செய்தி எழுதும் ஆசிரியர்களுக்கும் மாணவர் மன்றத்தாருக்கும் ஒரு வார்த்தை. 'தேர்வு' வேறு, 'பரிசு' வேறு. கண்காட்சிச் சுவரில் இடம் கிடைத்ததை விருது என்று எழுதினால், அடுத்த ஆண்டு உண்மையாகவே விருது வாங்கும் பிள்ளைக்கு எழுத வார்த்தை இருக்காது. மாணவர் பெயர், படிக்கும் ஆண்டு, படைப்பின் தலைப்பு, ஊடகம், அளவு, செய்த ஆண்டு, எந்தக் கண்காட்சி, எத்தனை நாள் என்று எழுதுங்கள். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு, சென்டிமீட்டரில். அதே விவரத்தை பென்சிலால் எழுதிப் படத்தின் பின்புற அட்டையிலும் ஒட்டிவிடுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

வணக்கம்.