நீங்கள் பிறந்தது எந்தச் சந்தை நாள்?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நான் குடியிருந்த வீட்டு அம்மா முதல் நாளே என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். காரம் சாப்பிடுவீர்களா? என்ன கிழமை பிறந்தீர்கள்? முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொன்னேன். இரண்டாவதற்கு, "செவ்வாய்" என்றேன். "செவ்வாய் சரி, செவ்வாய் என்ன?" என்றார். செவ்வாய்க்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கணக்கு வாத்தியார் வேலையாக ஒன்றரை வருடம் ஜாவாவில் இருந்தேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த கணக்கு எனக்குப் பிடிபட்டபோது, பாடப் புத்தகத்தை விட அது சுவையாக இருந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஜாவாக்காரர்களுக்கு வாரம் இரண்டு. ஒன்று நமக்குத் தெரிந்த ஏழு நாள் வாரம். இன்னொன்று ஐந்து நாள் வாரம்: லெகி, பஹிங், போன், வாகே, கிளிவோன். இந்த ஐந்தையும் பசாரான் என்பார்கள். 'பசார்' என்றால் சந்தை. நாம் பஜார் என்கிறோமே, அதே பாரசீகச் சொல்தான் கடல் தாண்டி அங்கேயும் போயிருக்கிறது. ஒரு வட்டாரத்து ஊர்களில் சந்தை முறை வைத்துக் கூடும். இன்று இங்கே என்றால் நாளை பக்கத்து ஊரில். கோத்தா கெடே ஊரின் பழைய சந்தை இன்றும் லெகி நாளில்தான் நிரம்பி வழிகிறது. சோலோ நகரத்தில் பசார் கிளிவோன் என்று ஒரு பகுதியே இருக்கிறது.

இரண்டு வாரங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஏழும் ஐந்தும் பெருக்கினால் முப்பத்தைந்து. ஆகவே செவ்வாயும் பஹிங்கும் ஒருமுறை சேர்ந்துவிட்டால், மறுபடி சேர 35 நாள் ஆகும். நீங்கள் பிறந்த நாளின் அந்தச் சேர்க்கைக்குப் பெயர் வெத்தோன். 'வெளியே வருதல்' என்ற பொருளுள்ள 'வெத்து' என்னும் சொல்லிலிருந்து வந்தது. பிறந்த நேரம், அவ்வளவுதான்.

இது எவ்வளவு பழையது? ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஜாவானியக் கல்வெட்டுகளிலேயே இந்த ஐந்து நாள் வாரம் இருக்கிறது. ஏழு நாட்களின் பழைய பெயர்களைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்: ராதித்யே, சோமா, அங்காரா, புதா, ரெஸ்பதி, சுக்ரா, சனிஸ்சரா. ரெஸ்பதி யாரென்று தெரிகிறதல்லவா, நம்ம பிரகஸ்பதி! சக ஆண்டுக் கணக்கும் இந்தியாவிலிருந்து போனதுதான். 1633இல் மாத்தராம் அரசர் சுல்தான் அகுங் ஒரு காரியம் செய்தார். மாதங்களை இஸ்லாமியச் சந்திரக் கணக்குக்கு மாற்றினார்; ஆண்டு எண்ணை மட்டும் சக வரிசையிலேயே 1555 என்று தொடரவிட்டார். ஐந்து நாள் வாரத்தில் அவர் கை வைக்கவில்லை. சந்தை நாளை மாற்றினால் மக்கள் சும்மா விடுவார்களா என்ன!

இந்தப் பெயர்கள் மனிதர்களின் பெயர்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. லெகிமான், போனிமின், வாகிமான், வாகியெம் என்று பழைய தலைமுறையில் நிறையப் பேர். இந்தோனேசிய தேசிய கீதத்தை இயற்றிய வாகே ருடோல்ஃப் சுப்ராத்மான் வாகே நாளில் பிறந்ததால் வாகே. அவர் பிறந்தது 1903 மார்ச் 9ஆ, 19ஆ என்று ஒரு வழக்கு உண்டு. பத்து நாள் வித்தியாசம், ஐந்தால் மீதமில்லாமல் வகுபடும். எந்தத் தேதி சரியானாலும் அவர் வாகேதான். பெயர் வைத்தவர் தப்பித்தார்.

சரி, குணத்துக்கு வருவோம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதற்கு நெப்து என்று பெயர். ஞாயிறு 5, திங்கள் 4, செவ்வாய் 3, புதன் 7, வியாழன் 8, வெள்ளி 6, சனி 9. சந்தை நாட்களில் லெகி 5, பஹிங் 9, போன் 7, வாகே 4, கிளிவோன் 8. இரண்டையும் கூட்டினால் உங்கள் எண். மிகச் சிறியது செவ்வாய் வாகே, 7. மிகப் பெரியது சனி பஹிங், 18. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நடை சொல்வார்கள். 8 நெருப்பின் நடை, 9 காற்றின் நடை, 13 நட்சத்திரம், 14 நிலா, 15 சூரியன், 16 தண்ணீர், 17 பூமி. இதையெல்லாம் எழுதி வைத்த கையேடுகளுக்குப் பிரிம்போன் என்று பெயர். பிரிம்போனுக்குப் பிரிம்போன் கொஞ்சம் மாறும். ஆனால் பொதுவாக லெகிக்காரர் சிரித்த முகம், தாராள மனசு. 'லெகி' என்றாலே தித்திப்பு. பஹிங்காரருக்குப் பொருள் மேல் கண். போன்காரர் பேச்சில் கெட்டி. வாகேக்காரர் விறைப்பு, ஆனால் விசுவாசி. கிளிவோன்காரருக்கு உள்ளுணர்வு அதிகம்.

வீட்டு அம்மா என் பிறந்த தேதியை வாங்கி, விரல் கணுக்களில் எண்ணி, "செவ்வாய் பஹிங். மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு. பூ மாதிரி, நாலு பேர் தேடி வருவார்கள்" என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்புறம்தான் கேட்டார், "எத்தனை மணிக்கு?" ராத்திரி ஏழரை என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டார். ஜாவாவில் சூரியன் மறைந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடும். ஆக நான் செவ்வாயே இல்லை, புதன். பஹிங்கும் இல்லை, போன். ஏழும் ஏழும் பதினான்கு. "நிலா," என்றார். "அமைதி. ஆனால் தேய்ந்து தேய்ந்து வளரும்." இத்தனை வருடம் செவ்வாய்க்கிழமைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை ஒன்றரை மணி நேரம் மாற்றிப் போட்டுவிட்டது.

இது உண்மையா என்று கேட்பீர்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகர்னோ பிறந்தது 1901 ஜூன் 6, வியாழன் போன். 8 கூட்டல் 7, பதினைந்து. அவருக்கு அடுத்து வந்த ஜனாதிபதி சுகார்த்தோ பிறந்தது 1921 ஜூன் 8, புதன் கிளிவோன். 7 கூட்டல் 8, அதே பதினைந்து. இருவருமே சூரிய நடை. ஒருவர் மேடையேறினால் இறங்க மனம் வராத பேச்சாளர். கடைசியில் வீட்டுக் காவலில் கிடந்து 1970இல் இறந்தார். இன்னொருவர் அதிகம் பேசாமல் புன்னகையோடு அவரை ஓரங்கட்டிவிட்டு, 1998 வரை நாட்டைப் பிடியில் வைத்திருந்தவர். இவ்வளவு எதிரும் புதிருமான இரண்டு பேரை ஒரே எண்ணில் அடைத்துவிட்டுக் குணம் சொல்கிறோம் என்றால் எப்படி? போதாக்குறைக்கு, 1989 முதல் யோக்யகர்த்தாவின் சிம்மாசனத்தில் இருக்கும் சுல்தான் பத்தாம் ஹமெங்குபுவோனோ பிறந்தது 1946 ஏப்ரல் 2. கணக்குப் போட்டுப் பாருங்கள்: செவ்வாய் வாகே. ஏழு. எல்லாவற்றிலும் சிறிய எண்!

இதை ஒரு மாலை தேநீர் நேரத்தில் வீட்டு அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அவர் அசரவில்லை. "காலை வெயிலும் சூரியன்தான் பாக், உச்சி வெயிலும் சூரியன்தான்" என்றார். பாக் என்றால் ஐயா. மேலே பேச எனக்கு வாய் வரவில்லை.

அதே வீட்டில் வேறொரு நாள். அம்மாவின் கணவர் வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாக அது அசையவில்லை. எதிர் வீட்டுக்காரர் பெரிய ஸ்பானர் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தன் சின்ன ஸ்பானரிலேயே தொடர்ந்தார். எதிர் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. அம்மா உள்ளேயிருந்து தேநீரோடு வந்து, அவரிடம் மெதுவாக, "வாகேதானே" என்றார். எதிர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டார்.

எனக்கு வெத்தோன் புரிந்தது அங்கேதான். 'என் புருஷன் பிடிவாதக்காரர்' என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் அது புகார். 'வாகே' என்றால் யாருக்கும் காயமில்லை. அவர் செய்த குற்றமில்லை, பிறந்த நாள் அப்படி. முகத்துக்கு நேரே குறை சொல்வதைப் பெரிய மரியாதைக் குறைவாக நினைக்கும் ஊர் அது. அங்கே ஒருவர் குணத்தைப் பற்றிப் பேச ஒரு பாஷை தேவைப்படுகிறது. வெத்தோன் அந்த பாஷை. அது குணத்தைக் கண்டுபிடிக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த குணத்தை வலிக்காமல் சொல்ல அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

கல்யாணத்தில்தான் இந்தக் கருவி கையைக் கிழிக்கும். பையன் எண்ணையும் பெண் எண்ணையும் கூட்டி, எட்டால் வகுத்து, மீதியைப் பார்ப்பது ஒரு முறை. மீதி 2 வந்தால் ராத்து, அரச குடும்பம் மாதிரி மதிப்பாக வாழ்வார்கள். 3 வந்தால் ஜோதோ, பொருத்தம். 6 என்றால் பாது, ஓயாத சண்டை. 1 என்றால் பெகாத், பிரிவு. வீட்டு அம்மாவின் உறவில் ஒரு ஜோடிக்குக் கூட்டுத் தொகை 33 வந்தது. எட்டால் வகுத்தால் மீதி 1. இரண்டு வீட்டிலும் முகம் வாடிப்போனது. ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்கள் பக்கம் ஐந்தால்தான் வகுப்போம்" என்றார். ஐந்தால் வகுத்தால் மீதி 3. அது செல்வம். கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள் என்று அந்தப் பெரியவருக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம்.

ஆனால் எல்லா ஜோடிக்கும் இப்படிச் சந்து கிடைக்காது. பலர் அஞ்சும் எண் 25. எட்டால் வகுத்தால் மீதி 1, பிரிவு. ஐந்தால் வகுத்தால் மீதமே இல்லை, அது பாத்தி, சாவு. இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டது. ஒரு ராத்திரி உட்கார்ந்து, 35 வெத்தோனையும் 35 வெத்தோனோடு ஜோடி சேர்த்துப் பார்த்தேன். மொத்தம் 1225 ஜோடி. எந்தக் கூட்டுத் தொகை அதிகம் வருகிறது தெரியுமா? 25. 122 ஜோடிகளுக்கு, அதாவது பத்தில் ஒரு ஜோடிக்கு! வேறு எந்த எண்ணும் அவ்வளவு தடவை வரவில்லை. இந்தக் கணக்கு மட்டும் பொழுதுபோக்காக எனக்குத் தோன்றவில்லை. எத்தனை பேர் இதனாலேயே மனசை மாற்றிக்கொண்டிருப்பார்கள்!

இந்த வழக்கத்தில் எனக்கு முழு மனதோடு பிடித்தது ஒன்று உண்டு. 35 நாளுக்கு ஒருமுறை உங்கள் நாள் திரும்பி வருகிறது. குழந்தைக்கு முதல் 35ஆம் நாள் செலாபானான்: முடி எடுத்து, நகம் வெட்டி, சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் வைப்பார்கள். சிவப்பு என்பது பனைவெல்லம் சேர்த்தது. பெரியவர்களானபின் சிலர் அந்த நாளில் விரதம் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கேக் வெட்டுவது வேறு, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் அடங்கி உட்கார்வது வேறு. ஊருக்கே அப்படி ஒரு நாள் உண்டு. யோக்யகர்த்தாவின் மாலியோபோரோ தெருவில் 2017லிருந்து, 2022இல் நடைபாதை வியாபாரிகளை வேறிடத்துக்கு மாற்றும்வரை, ஒவ்வொரு செவ்வாய் வாகேயிலும் அவர்கள் கடை போடவில்லை. தெருவைக் கழுவிப் பெருக்கினார்கள். சுல்தானின் வெத்தோனும் அதுதான் என்று முன்பே சொன்னேன். எந்நேரமும் பத்திக் துணியும் சட்டையும் தொங்கிய அந்த நடைபாதை, அன்று மட்டும் தரை தெரியக் கிடந்தது. நான் முதல் தடவை பார்த்தபோது தப்பான தெருவுக்கு வந்துவிட்டேனோ என்று திரும்பிப் போகப் பார்த்தேன்.

உங்கள் வெத்தோனை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்த 1945 ஆகஸ்ட் 17 வெள்ளி லெகி. அங்கிருந்து உங்கள் பிறந்த தேதி வரை நாட்களை எண்ணி ஐந்தால் வகுங்கள். மீதி 0 என்றால் லெகி, 1 பஹிங், 2 போன், 3 வாகே, 4 கிளிவோன். உதாரணத்துக்கு நம் சுதந்திர நாள் 728 நாள் கழித்து வருகிறது, மீதி 3. வெள்ளி வாகே, நெப்து 10. இருட்டியபின் நள்ளிரவுக்குள் பிறந்தவர்கள் மட்டும் ஒரு நாள் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். நன்றி, வணக்கம்.