போன புரோகிராமிங் ஏன் திரும்பி வந்தது? ஒரு பாடத்திட்டம் புதுப்பிக்கப்படும் விதம்

[திரையில்: இரண்டு பாடப் பட்டியல்கள். இடப்பக்கம் 2002, வலப்பக்கம் 2010.]

இந்த இரண்டு பட்டியல்களும் ஒரே பட்டப்படிப்புக்கானவை. படிப்பின் பெயர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். பிசினஸ் ஸ்கூலுக்குள் நடந்தால் பல இடங்களில் முன்னால் ஒரு 'பிசினஸ்' சேர்ந்துகொள்ளும். சென்னைக் கல்லூரிகளில் இருக்கும் பி.காம் ஐஎஸ்எம் (இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட்) இதற்குத் தூரத்துச் சொந்தம். ஒரு நிறுவனத்தில் கொள்முதல், விற்பனை, கணக்கு எல்லாம் எப்படி நடக்கின்றன, அவற்றைக் கணினியில் எப்படிக் கட்டுவது, இரண்டும் தெரிந்த ஆளை உருவாக்குவதுதான் நோக்கம்.

இடப்பக்கம் புரோகிராமிங்குக்கு ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. வலப்பக்கம் தேடினால் கிடைக்காது.

பட்டியல் போட்டவர்கள் யார்? முக்கியமாக ஏசிஎம், ஏஐஎஸ் என்று இரண்டு சங்கங்கள். முன்னது கணினித் துறையின் பழைய பெரிய அமைப்பு. பின்னது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பேராசிரியர்கள், ஆய்வாளர்களின் அமைப்பு. சில வருடங்களுக்கு ஒருமுறை குழு அமைத்து 'மாதிரிப் பாடத்திட்டம்' வெளியிடுவார்கள். இது சட்டமல்ல. எந்தப் பல்கலைக்கழகமும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், ஓரமாக வைக்கலாம். ஆனாலும் அமெரிக்காவில் ஒரு துறை தன் பாடத்திட்டத்தைத் திருத்த உட்கார்ந்தால் முதலில் புரட்டுவது இதைத்தான்.

[திரையில்: 2002 பட்டியல் பெரிதாகிறது.]

2002-இல் 10 பாடங்கள். ஹார்ட்வேருக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, இணைய வணிகத்துக்குத் தனியாக ஒன்று. டாட்காம் அலை அடித்து ஓய்ந்த நேரம், அதனால் அந்தக் கடைசிப் பாடத்தில் ஆச்சரியமில்லை. 2010-இல் கட்டாயப் பாடங்கள் 7 ஆகச் சுருங்கின. ஹார்ட்வேரும் நெட்வொர்க்கும் ஐடி உள்கட்டமைப்பு என்று ஒரே பாடமாயின. இணைய வணிகத்துக்குத் தனி இடம் போய்விட்டது. எல்லா வணிகமும் இணையத்துக்கு வந்த பிறகு அதற்கு மட்டும் எதற்குத் தனிப் பாடம்? புரோகிராமிங் விருப்பப் பாடமானது.

குழுவின் வாதம் அபத்தமானதல்ல. வட அமெரிக்க பிசினஸ் ஸ்கூலுக்கு வெளியேயும் இந்தப் படிப்பு செல்ல வேண்டும், மையம் சிறிதாக இருந்தால்தான் ஒவ்வொரு துறையும் தன் மாணவர்கள் போகும் வேலைக்கு ஏற்ப மீதியைக் கட்டிக்கொள்ள முடியும் என்றார்கள். படிப்பவர் எல்லாரும் டெவலப்பர் ஆவதில்லை என்பதும் உண்மைதானே. எதிர்ப்பு வராமல் இல்லை. ஒரு புரோகிராம்கூட எழுதிப் பார்க்காத சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், "இந்த மாற்றத்துக்கு மூன்று வாரம் ஆகும்" என்று டெவலப்பர் சொன்னால் அது நியாயமா, கதையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

நடைமுறையில் இன்னொரு தடையும் இருந்தது. ஏபெட் என்ற அங்கீகார அமைப்பு, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பட்டத்தில் அப்ளிகேஷன் டெவலப்மென்ட் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறது. ஏபெட் முத்திரை வேண்டுமென்றால் மாதிரித் திட்டத்தைக் காட்டிப் புரோகிராமிங்கைத் தூக்கிவிட முடியாது.

[திரையில்: 2020 பட்டியல்.]

2020-இல் வந்த பதிப்பில் 19 திறன் பகுதிகள், அவற்றில் 10 கட்டாயம். புரோகிராமிங் மறுபடியும் கட்டாயம். பாதுகாப்பான கணினிப் பயன்பாடும், அறம் மற்றும் சமூக விளைவுகளும் கட்டாயம். கடைசியில் நிஜமான ஒரு வேலையைச் செய்து முடிக்கும் பிராக்டிகமும் உண்டு. டேட்டா அனலிடிக்ஸ், மொபைல் ஆப், பிளாக்செயின் போன்ற, கேட்டால் மாணவர்கள் ஓடிவரும் சரக்கெல்லாம் விருப்பப் பகுதியில்தான் இருக்கின்றன. எனக்கு அது சரியாகவே படுகிறது.

இதைவிடப் பெரிய மாற்றம் எழுதிய முறையில் இருக்கிறது. முன்பு 'பாடம்' என்று எழுதினார்கள், இப்போது 'திறன்' என்று எழுதுகிறார்கள். அறிவு, அதைப் பயன்படுத்தும் பயிற்சி, செய்யும்போது இருக்க வேண்டிய மனப்பாங்கு, மூன்றும் சேர்ந்ததுதான் திறன். ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் நார்மலைசேஷன் என்றால் என்ன என்று விடை எழுதினால் அது அறிவு. ஒரு மருந்துக்கடையின் பில் கட்டைக் கையில் கொடுத்து, அதற்கான அட்டவணைகளை வடிவமைத்து, காலாவதி ஆகப்போகும் மருந்துகளை டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்-இல் எழுதி எடுக்கச் சொன்னால் பயிற்சி. எடுத்த பட்டியலை ஸ்டாக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மேலாளருக்கு அனுப்பாத பொறுப்புதான் மனப்பாங்கு.

புதுப்பிப்பு என்ற பெயரில் ஏமாற்று வேலை நடப்பதும் இங்கேதான். பாடத்தின் முதல் பக்கத்தில் 'புரிந்துகொள்வார்' என்பதை அடித்துவிட்டு 'வடிவமைப்பார்' என்று எழுதிவிடுவார்கள். கேள்வித்தாள் அப்படியே இருக்கும். ஒரு துறை உண்மையில் மாறியதா என்று பார்க்க வேண்டுமானால் சிலபஸை விடுங்கள், பழைய கேள்வித்தாளையும் புதியதையும் வாங்கிப் பாருங்கள்.

[திரையில்: 120 கட்டங்கள். ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

சரி, ஒரு துறை நிஜமாகவே திருத்தப் போகிறது. முதல் சண்டை இடத்துக்கு. அமெரிக்க இளநிலைப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட். பொதுப் பாடங்கள் ஒரு பங்கு. அக்கவுண்டிங், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் என்று பிசினஸ் ஸ்கூலின் பங்கு இன்னொன்று. ஏபெட் கேட்பது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸுக்குக் குறைந்தது 30 கிரெடிட், அதாவது 3 கிரெடிட் பாடங்கள் 10. செக்யூரிட்டி வேண்டும், கிளவுட் வேண்டும், ஏஐ வேண்டும் என்று கூட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். எதை நீக்குவது என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். நீக்கும் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார் அல்லவா?

என் கருத்தில் முதலில் போக வேண்டியது மென்பொருளின் பெயரைப் பிடித்துத் தொங்கும் பாடங்கள். பெரிய நிறுவனங்களின் கொள்முதல், விற்பனை, கணக்கை நடத்தும் எஸ்ஏபி நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆர்/3 என்ற பதிப்பு இருந்தது, பிறகு ஈசிசி, 2015-இல் எஸ்/4ஹானா. ஈசிசி-க்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கும் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. எந்தத் திரையில் எந்தப் பட்டன் என்று கற்றவருக்கு ஒவ்வொரு முறையும் பழையபடி ஆரம்பிக்க வேண்டும். கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான ரசீது, விற்றவர் அனுப்பிய பில், இந்த மூன்றும் பொருந்தினால்தான் பணம் போக வேண்டும் என்று கற்றவருக்கு எந்தத் திரையும் புதிதல்ல. டேட்டாபேஸிலும் அப்படித்தான். தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியைக் கணினி அறிஞர் எட்கர் காட் எழுதியது 1970-இல். இன்றும் அந்த அடித்தளத்தில்தான் வேலை ஓடுகிறது.

அடுத்தது யாரும் பேச விரும்பாத விஷயம்: மாறும் காலம். பழைய திட்டத்தில் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்திலேயே முடிப்பதுதான் வழக்கம். அதனால் சில வருடங்களுக்கு இரண்டு திட்டங்களும் ஒன்றாக ஓடும். நீக்கிய பாடத்தில் தோற்ற மாணவருக்கு எந்தப் பாடத்தை ஈடாகக் கொடுப்பது? டேட்டாபேஸை மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டாம் ஆண்டுக்கு இழுத்தால், நடுவில் மாட்டும் பேட்ச் அதை எப்போது படிக்கும்? இதற்கு முன்கூட்டியே ஓர் அட்டவணை போடாவிட்டால், எவ்வளவு அழகான திட்டமும் அலுவலக வாசலில் மனுக்களாகக் குவியும். 2026-இல் நுழையும் நான்கு வருடத் திட்டத்தின் முதல் பட்டதாரி வெளியே வருவது 2030-இல்.

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில், 2020 திட்டத்துக்குப் பிறகு. அடுத்த மாதிரித் திட்டம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கோட்-ஐ இயந்திரமே எழுதுகிறது, புரோகிராமிங்கை மறுபடி நீக்கிவிடலாமா என்ற பேச்சும் எழுகிறது. நீக்கக் கூடாது, நடத்தும் விதத்தை மாற்ற வேண்டும். எழுதுவதற்குக் கொடுத்த நேரத்தில் ஒரு பகுதி, படிப்பதற்கும் சோதிப்பதற்கும் போகட்டும். 'ஜெனரேட்டிவ் ஏஐ' என்று தனிப் பாடம் தொடங்க அவசரப்பட்டால் அதுவும் 2002-இன் இணைய வணிகப் பாடம்போல் பிறகு கரைந்துபோக வாய்ப்பு அதிகம். இருக்கும் பாடங்களுக்குள் வைப்பதே நல்லது. சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் வகுப்பில் இப்படி ஒரு பயிற்சி கொடுக்கலாம்: விற்பனையாளர் கமிஷனைக் கணக்கிட சாட்பாட் எழுதிய கோட் இது. திரும்பி வந்த சரக்கு, மாதக் கடைசியில் போட்ட பில், பாதியில் வேலையை விட்டவர், இந்த மூன்று நிலைகளிலும் ஓட்டிப் பார்த்து, எங்கே தவறாகப் பணம் போகும் என்று கணக்குப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.