ஒரு சோறு பதம் போதாது

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர்ப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் திசுப் பரிசோதனை மருத்துவர். உடலிலிருந்து எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்வது என் வேலை.

போன வருடம் 15 வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பத்தா அழைத்து வந்தார். முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம். கபடியில் அடிபட்டது என்று நினைத்து இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். ராத்திரி வலியில் அவனுக்குத் தூக்கமே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. கட்டிக்குள் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கணும் என்றதும் அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசி குத்துனா கட்டி பரவிடாதா, டாக்டரம்மா?"

நியாயமான கேள்வி. முறையாகச் செய்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு. பின்னால் அறுவை செய்யப்போகிற மருத்துவர்தான் ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்வார். கட்டியை எடுக்கும்போது அந்த வழியையும் சேர்த்தே எடுத்துவிடலாம். கண்ட இடத்தில் குத்தினால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலே போய்விடலாம். அப்பத்தாவிடம் இன்னொன்றும் சொன்னேன்: இப்படிப்பட்ட வீக்கத்தை இனி யாரும் உருவிவிடக் கூடாது.

மெல்லிய ஊசி 22 அல்லது 23 கேஜ் (கேஜ் என்பது ஊசியின் தடிமன் அளவு). செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றினால் அன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் கட்டி எலும்பின் வெளிச்சுவரை அரித்திருந்தால்தான் அந்த ஊசி உள்ளே போகும். சுவர் நம்ம ஊர்ப் பெரிய வீட்டுச் சுவர் மாதிரி கெட்டியாக நின்றால் தடித்த ஊசிதான். அது ஈர்க்குச்சி போல ஒரு துண்டைக் கொண்டுவரும். அதை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கினால்தான் மெல்லிசாகச் சீவ முடியும். சில நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கட்டிக்கு அது பொருந்தாது. நடுவில் செத்த திசுவாக இருக்கும், ஓரத்தில் உயிருள்ள செல்கள் இருக்கும். அதனால்தான் சில இடங்களிலிருந்து எடுக்கிறோம்.

அந்தப் பையனின் துண்டில் ஒழுங்கில்லாத பெரிய செல்கள், அவையே சுரந்த இளஞ்சிவப்பு எலும்புக்கூழ், அதாவது இன்னும் கெட்டியாகாத எலும்பு. அது ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று. முதலில் மருந்து, அப்புறம் அறுவை, கால் தப்பியது. சிறு உருண்டைச் செல்களாக நிறைந்திருந்தால் யூவிங் சர்கோமா என்ற வேறொரு எலும்புப் புற்றை நினைப்போம். 60 வயதுக்காரருக்குப் பிளாஸ்மா செல்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் குவிந்திருந்தால் மைலோமா, அது எலும்பு மஜ்ஜையின் புற்று. சில சமயம் புற்றே இருக்காது. காசநோயாக இருக்கும், மருந்திலேயே குணமாகும்.

இத்தனையையும் தகட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முறிந்து கூடிவரும் எலும்புகூட நுண்ணோக்கியில் புற்றுபோல் கண்ணை ஏமாற்றும். எந்த எலும்பு, எந்த இடம், என்ன வயது என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே ஊசிக்கு வரும்போது எக்ஸ்ரே படத்தை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வராதீர்கள். கையோடு கொண்டுவாருங்கள்.