மேல்மாடியில் துணி காய்ந்தது, இப்போது காபி: ஃப்ளாரன்ஸ் இன்னொசெந்தி இல்லம்

(திரையில்: சதுக்கம், படிகள், வளைவுத் தாழ்வாரம்)

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ். இந்தத் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளியோ, அகலமும் அவ்வளவே. அன்றைய அளவில் 10 பிராச்சா, அதாவது 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக இந்த இல்லத்தை 1419-ல் கட்டத் தொடங்கியது பட்டு வணிகர் சங்கம். திறக்க 1445 ஆகிவிட்டது. பிப்ரவரி 5, புனித அகத்தா திருநாள். இல்லத்தின் முதல் குழந்தை வந்தது அன்றுதான், பெயர் அகத்தா ஸ்மெரால்டா.

(திரையில்: தாழ்வாரத்தின் கோடியில் கம்பி ஜன்னல்)

முதலில் இங்கே ஒரு கல் தொட்டிதான் இருந்தது. குழந்தையை அதில் கிடத்திவிட்டுப் போவார்கள். பிறகு 1660-ல் கம்பி ஜன்னல் வைத்தார்கள். பச்சைக்குழந்தை மட்டும் நுழைகிற இடைவெளி. காரணம் இரக்கமின்மை இல்லை. வளர்ந்த பிள்ளைகளையும் கொண்டுவந்து விட ஆரம்பித்தால் இல்லம் தாங்காது. 1875-ல் ஜன்னலை மூடினார்கள்.

(திரையில்: மியூசியம், சின்னச் சின்ன இழுப்பறைகள்)

ஒன்றை இழுத்துப் பாருங்கள். பாதியாக வெட்டிய பதக்கம். இந்தப் பாதி குழந்தையின் துணியோடு வந்தது, மறுபாதி தாயிடம். திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையைக் கொடுக்கலாம். அதனால்தான் எழுத்தர் ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டில் குறித்தார். இங்கே 140 இழுப்பறைகள் இருக்கின்றன. மறுபாதிகள் எங்கே போயினவோ.

இல்லத்துக்குப் பெரிய சிக்கல் பால். உள்ளே இருந்த பால்கொடுக்கும் பெண்கள் போதாததால், குழந்தைகளைக் கூலி பேசிக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். கையில் காசு இல்லாத காலத்தில் முதலில் அடிவாங்கியது இந்த ஏற்பாடுதான்.

பிழைத்து வளர்ந்த பையன்கள் தொழில் கற்கப் போனார்கள். பெண்களுக்குச் சீதனம் வேண்டும். அது கிடைக்காதவர்கள் இங்கேயே தங்கி நெய்தார்கள், துவைத்தார்கள். இத்தனை பேர் துணியைக் காயவைக்கக் காற்று வேண்டுமே? அதற்காகப் பக்கம் திறந்த மேல்தளம், பெயர் வெரோனே.

(திரையில்: வெரோனே, மேசைகள்)

இன்று அது காபிக் கடை. யுனிசெஃப் ஆய்வு மையம் 1988-ல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது, புதுப்பித்த மியூசியம் 2016-ல் திறந்தது. குழந்தைகள் காப்பகமும், தாயும் சேயும் தங்கும் இல்லமும் நடக்கின்றன. பிள்ளை பராமரிப்பு மட்டும் விட்டுப்போகவில்லை. கோப்பையோடு நிமிர்ந்தால் எதிரே பேராலயத்தின் செங்கல் குவிமாடம். அதுவும் புருனெல்லெஸ்கி கட்டியதுதான்.